காற்று நிற்கும் மாதங்கள்

அந்த வீட்டை முதன்முதலாகப் பார்க்கப் போனது ஓர் ஆடி மாதத்தில். பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் கம்பெனியைத் தாண்டி, ஓசூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் வலது பக்கம் திரும்பினால், ராகி வயல்களும் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களும் மாறி மாறி வரும். அதன் முடிவில் அந்த ஊர். டவுன் என்று சொல்லவும் முடியாது, கிராமம் என்று சொல்லவும் முடியாது. ஒரு பாங்கு, இரண்டு பேக்கரி, பால் சொசைட்டி, ஏரி, ஏரிக்கு மேற்கே மொட்டைப் பாறைக்குன்று, குன்றின் மேல் அனுமார் கோயில். ஏரிக்கரைக்குக் கீழே கடைசித் தெருவில் அந்த வீடு.

நான் தங்கவயலில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் சயனைடு மேடுகள் உண்டு. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், சின்ன மலை அளவுக்கு உயர்ந்து கிடக்கும். ஆடிக்காற்று கிளம்பினால் அந்த மேட்டிலிருந்து வெள்ளைத் தூள் எழுந்து ஊர்மேல் வரும். அம்மா ஜன்னல் சந்துகளில் ஈரத்துணி அடைப்பாள். அப்படியும் சோற்றில் நறநறக்கும். அப்பாவின் நெஞ்சில் ஏற்கெனவே பாறைத்தூள் இறங்கியிருந்தது. காற்று மாதங்களில் அவரால் படுக்க முடியாது. சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்குவார். அவர் மூச்சு இழுக்கும்போது வரும் மெல்லிய விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் வளர்ந்தேன்.

ஆகவே எனக்குக் காற்று என்றால் பயம். வீடு வாங்குவது என்றால் காற்று மாதத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தேன். பாறைக்குன்று, தைல மரங்கள், அவ்வளவுதான். புகைபோக்கி இல்லை, மண்மேடு இல்லை. கைப்பிடிச் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் எதுவும் ஒட்டவில்லை. சட்டை படபடவென்று அடித்துக்கொள்ளும் அளவுக்குக் காற்று. அதில் ஈர மண்ணின் வாசனை தவிர வேறொன்றும் இல்லை.

என் மனைவி இடுப்பில் பாப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். பாப்பாவுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது.

"ஏரி பக்கத்துலயே இருக்குதே, கொசு வராதா?" என்று மட்டும் கேட்டாள்.

"கொசுக்கு வலை அடிச்சிக்கலாம். காத்தப் பாரு, எவ்ளோ சுத்தமா இருக்குது" என்றேன்.

ஆவணியில் குடிபோனோம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஜன்னல்களை மூடவே மாட்டோம். ஷிஃப்ட் முடிந்து வந்து மாடியில் உட்கார்ந்தால், கம்பெனியின் ஆயில் நாற்றம் மூக்கைவிட்டுப் போய்விடும். பாப்பா மாடியில் தவழ்ந்தபடி கொடியில் ஆடும் துணிகளைப் பிடிக்கப் பார்ப்பாள். வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று எனக்கு அடிக்கடி தோன்றியது.

கார்த்திகை பாதியில் காற்று நின்றது. கொடியில் துணி அசையாமல் தொங்குவதை நான் பார்த்தேன். அதில் ஒன்றும் தோன்றவில்லை. பனிக்காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். முதல் ஷிஃப்டுக்கு விடியுமுன் வண்டியை எடுக்கும்போது தெரு முழுக்கப் பனிமூட்டம். ஆனால் அந்தப் பனிக்கு ஒரு வாசனை இருந்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் கறுப்பாக ஈரம் வந்தது.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பின்பக்கம் ஹண்டே உண்டு. குளிக்க வெந்நீர் போடும் பெரிய அண்டாவுக்கு அங்கே அதுதான் பெயர். விடிகாலையில் அதன் அடியில் தேங்காய் மட்டை, கரும்புச் சக்கை, பழைய சாக்கு, கையில் கிடைத்த பிளாஸ்டிக் எல்லாம் எரியும். ஏரிக்குக் கிழக்கே, மழைக்காலத்தில் வெறும் சேற்றுக்காடாக நான் பார்த்த இடத்தில், மண் காய்ந்ததும் செங்கல் சூளைகள் முளைத்துவிட்டன. ஆடியில் அவை இல்லை; இருந்திருந்தாலும் மேற்குக் காற்று எனக்குக் காட்டியிருக்காது. மார்கழியில் காற்று கிழக்கிலிருந்து வந்தது. அது காற்று என்றே சொல்ல முடியாது. மெதுவாக நகர்ந்து வந்து, எங்கள் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு விடிகாலை நான் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்க. பாப்பா மூச்சுல இன்னாவோ சத்தம் வருது."

கட்டிலுக்குப் போகுமுன்னே எனக்குக் கேட்டுவிட்டது. அப்பாவின் விசில். சின்ன நெஞ்சு என்பதால் சத்தமும் சின்னதாக இருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்துக்கொண்டு போனது. நான் அப்படியே நின்றுவிட்டேன். மனைவிதான் பாப்பாவைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, "வண்டிய எடுங்க" என்றாள்.

சந்தாபுராவில் குழந்தை டாக்டர் நெபுலைசர் வைத்தார். மாஸ்க்குக்குள் பாப்பா அழுது, அழுதபடியே மருந்தை இழுத்து, கொஞ்ச நேரத்தில் அமைதியானாள். டாக்டர் எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"கெரே கீழயா?" என்றார். ஏரிக்குக் கீழேயா என்று அர்த்தம். "அங்கிருந்து நிறைய குழந்தைங்க வருது, இந்த சீசன்ல. வீசிங்தான். பயப்பட வேணாம். பெரியவளாகும்போது போயிடலாம். ஆனா புகை, குளிர் ரெண்டும் ஆகாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் தனியாகப் பாறைக்குன்றில் ஏறினேன். உச்சியில் வெயில் சுளீரென்று அடித்தது. வானம் நீலம். கீழே ஊரைக் காணோம். பழுப்பு நிறத்தில் ஒரு மூடி. அதற்கு மேலே தென்னை மரங்களின் தலைகளும், தண்ணீர் டாங்குகளும், தூரத்தில் ஹைவேயில் போகும் லாரிகளின் கூரைகளும் மட்டும் தெரிந்தன. சூளைப்புகை நேராக மேலே எழுந்து, ஓர் உயரத்துக்கு மேல் போக வழியில்லாததுபோல் மடங்கி, படுக்கையாகப் பரவி ஊர்மேல் வந்தது. மேற்கே குன்று, வடக்கே ஹைவே மேடு, தெற்கே ஏரிக்கரை. எங்கள் வீடு அதன் அடியில் எங்கோ இருந்தது. வெயில் ஏறி மூடி விலகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

போனில் காற்றின் தரம் காட்டும் ஆப் இருக்கிறது என்று கம்பெனியில் ஒருவர் சொல்லி, இறக்கிப் பார்த்தேன். அது பச்சையும் மஞ்சளுமாக நல்ல செய்தி சொன்னது. கூர்ந்து பார்த்தால், அது காட்டியது தூரத்தில் நகரத்துக்குள் இருக்கும் ஏதோ ஒரு மெஷினின் கணக்கு. எங்கள் பள்ளத்தை அளக்க யாரும் எதையும் வைத்திருக்கவில்லை.

சூளைக்கே போய்ப் பேசினேன். மேஸ்திரி தர்மபுரிப் பக்கத்துக்காரர். மரியாதையாக உட்காரச் சொல்லி டீ வாங்கிக்கொடுத்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"புரியுது சார். ஆனா மழைக்காலத்துல பச்சைக்கல்லு கரைஞ்சி போயிடுமில்ல. மார்கழில இருந்து பங்குனி வரைக்கும்தான் எங்களுக்குப் பொழப்பே. கெழக்கால இருந்து காத்து வந்தா அதுக்கு நான் இன்னா சார் பண்றது?"

"கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?"

"ஏரி மண்ணு இங்கதானே கெடக்குது." எங்கள் தெருப்பக்கம் கையைக் காட்டினார். "உங்க தெருவுல இருக்கிற வூடுங்க எல்லாம் எங்க கல்லுதான் சார்."

கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னார். சூளைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைகள். கல் அறுக்கிறவர்களின் குழந்தைகள் சாம்பல்மேட்டில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்காவது வீசிங் உண்டா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் என் மனைவி சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா கன்னடக்காரர். ஆனால் தமிழும் பேசுவார். மறுநாள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"ஏன் சார், நான் ஹண்டேக்கு பெங்கி போட்டா பாப்பாக்கு தொந்தரே ஆகுதா? முந்தியே சொல்லக் கூடாதா?" பெங்கி என்றால் நெருப்பு.

அன்றிலிருந்து அவர் கேஸ் அடுப்பில்தான் வெந்நீர் வைத்தார். ஆனால் தெருவில் அவர் வீடு ஒன்றுதான்.

அடுத்த கார்த்திகைக்கு முன்பே பொம்மனஹள்ளியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தோம். பள்ளம் இல்லை, ஹண்டே இல்லை, மூன்றாவது மாடி. ஆனால் கீழே ஓசூர் ரோடு. இரவும் பகலும் லாரி, பஸ், மேம்பாலத்தின் அடியில் நின்று உறுமும் வண்டிகள். ஜன்னல் கம்பியைத் துடைத்தால் மாலைக்குள் மறுபடியும் கறுப்பு. பொங்கலுக்கு முன்பு பாப்பாவை இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. இரண்டாவது முறை, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறன். குளிர் போகட்டும். அப்புறம் வர்றோம்."

அவள் ஊர் திருப்பத்தூர். நானும்தான் கூடப் போனேன். ஓசூரில் பஸ் ஏறும்போது பாப்பா ஸ்வெட்டர், குல்லா, மேலே சால்வை எல்லாம் போட்டிருந்தாள். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. கிருஷ்ணகிரி வந்தபோது சால்வையை எடுத்தோம். பர்கூரில் குல்லாவை. திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் மனைவி ஸ்வெட்டரையும் கழற்றினாள். உள்ளே பாப்பாவுக்கு வேர்த்திருந்தது. மார்கழியில் என் மகளுக்கு வேர்த்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த ஊர்க் காற்று அப்பழுக்கில்லாதது என்று சொல்ல மாட்டேன். சில நாள் வாணியம்பாடிப் பக்கமிருந்து தோல் பதனிடும் நாற்றம் வரும். ஆனால் பீடபூமியின் குளிர் அங்கே இல்லை. காற்று சூடாகி மேலே ஏறிப் போய்விடும். விடிகாலையில் எதுவும் வந்து மேலே உட்காராது. அந்த வாரம் முழுவதும் பாப்பா வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். நான் அவளை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன். பொம்மனஹள்ளி அறையைக் காலி செய்து, ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் வீட்டைத் திறந்தேன்.

அதன்பிறகு எங்கள் வருடம் இரண்டாகப் பிரிந்தது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் அவர்களைக் கொண்டுபோய் விடுவேன். மாசி கடைசியில், வெயில் உறைத்து, பிற்பகலில் காற்று கிளம்பத் தொடங்கியதும் போய்க் கூட்டி வருவேன். காலண்டரைப் பார்த்து அல்ல, கொடியில் துணியைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். துணி ஆடுகிறது என்று போனில் சொன்னால் மனைவி சிரிப்பாள். "நல்லா ஆடட்டும். அப்புறம் வர்றோம்" என்பாள்.

அவர்கள் திரும்பி வரும் நாள் வீடு கழுவப்பட்டிருக்கும். பாப்பா ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக வந்து இறங்குவாள். ஒரு வருடம் பேச்சு வந்திருந்தது. அடுத்த வருடம் வாசலில் நின்று, என்னிடமே, "இது யார் வூடு?" என்று கேட்டாள். சித்திரையில் இடியோடு முதல் மழை பெய்யும். வைகாசிப் பௌர்ணமிக்குத் தங்கவயல் போய் புத்த விகாரில் விளக்கேற்றிவிட்டு வருவோம். பிறகு ஆடிக்காற்று. அந்த மாதங்களில் நாங்கள் மற்ற எல்லாக் குடும்பங்களையும் போலச் சண்டை போட்டோம், சினிமா பார்த்தோம், கொசுவலை கிழிந்ததற்கு ஒருவரை ஒருவர் குறை சொன்னோம்.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அவள்தான் நினைத்திருந்தாள். ஒரு மே மாத மாலையில் மாடியில் துணி மடித்தபடி ஆரம்பித்தாள்.

"ஜூன்ல பாப்பாவ ஸ்கூல் சேக்கணும். எங்க சேக்கறது?"

"இங்கதான். ஹைவே மேல புதுசா ஒண்ணு வந்திருக்குதே."

"கார்த்திகை வந்தா? நடுவுல டிசி வாங்கிட்டுப் போக முடியுமா? ஒவ்வொரு வருசமும் போய்ப் போய் வந்தா யார் சேத்துப்பாங்க?"

அவள் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அங்க ஒரு ஸ்கூல்ல எல்கேஜிக்கு டீச்சர் கேக்கறாங்க. எனக்குக் குடுக்கறன்னு சொல்லியிருக்காங்க. பாப்பாவும் அங்கயே படிக்கலாம்."

"அப்ப நானும் வேலைய வுட்டுட்டு வந்துடறன்."

"வந்து?" என்றாள். கோபமாக அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஓசூரில் விசாரித்தேன். ஓசூரும் மேட்டிலேயே இருக்கிறது, அதே குளிர். ராணிப்பேட்டையில் இரண்டு கம்பெனிகளுக்குப் போனேன். என் வயதுக்காரனுக்கு கான்ட்ராக்ட் வேலைதான், அதுவும் வருடக் கடைசியில் என்ன ஆகும் என்று தெரியாது என்றார்கள். இங்கே நான் பெர்மனென்ட். மெயின்டனன்ஸில் என் கையை நம்பிச் சில மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக் கடனும் இருந்தது. யோசித்து யோசித்து, ஜூன் முதல் வாரத்தில், பாப்பாவுக்குப் புதுப் பையும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு மறுபடியும் மேலுமலை இறக்கத்தில் இறங்கினோம். அந்த முறை டிரங்குப் பெட்டியும் கூட வந்தது.

இதில் ஒன்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் தவறான மாதங்களில் வருகிறது. அரையாண்டு லீவ் மார்கழியில். அப்போது அவர்கள் வர முடியாது, நான் போவேன். கோடை லீவில் வருவார்கள். காற்று நன்றாக அடிக்கத் தொடங்கும் நேரத்தில் பள்ளி திறந்துவிடும். ஆனி, ஆடி, ஆவணி, எந்த மாதங்களை நம்பி அந்த வீட்டை வாங்கினோமோ, அந்த மாதங்களில் வீட்டில் நான் மட்டும். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். கதவுகள் படார் படாரென்று சாத்திக்கொள்ளும். யாரும், கதவுக்கு ஒரு கல்லை வையுங்க என்று சொல்ல மாட்டார்கள்.

அப்படி வருடங்கள் போயின. ஒரு ஆழாக்கு அரிசி, ஒரு முட்டை. குழம்பு வைத்தால் இரண்டு நாளைக்கு வரும். மாலையில் போன் செய்வேன். ஆரம்பத்தில் பாப்பா போனைப் பிடுங்கிப் பேசுவாள். கொஞ்ச நாள் கழித்து, "அப்பாகிட்ட பேசு" என்று மனைவி சொல்வது எனக்குக் கேட்கும். அதற்கப்புறம், "சாப்டியாப்பா?" "சாப்டேன். நீ?" "சாப்டேன்." நான் மூச்சைப் பற்றிக் கேட்பேன். "வீசிங் வந்துச்சா?" அவளுக்கு அந்தக் கேள்வி அலுத்துவிட்டது. "இல்லப்பா, எப்பவும் அதையே கேக்கற" என்று ஒரு நாள் சொன்னாள். அன்றிலிருந்து அதை மனைவியிடம் மட்டும் கேட்டேன்.

குளிர்காலத்தில் முதல் ஷிஃப்ட் முடிந்து பிற்பகல் வீடு திரும்பினால் ஊர் பளிச்சென்று இருக்கும். வெயில், நீல ஏரி, கரையில் கொக்குகள். அந்த நேரத்தில் யாராவது வந்து பார்த்தால் என்னைப் பைத்தியக்காரன் என்பார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அது மறுபடி இறங்கத் தொடங்கும். முதலில் ஏரிக்கரைமேல் ஒரு கோடு. பிறகு தெருவிளக்கைச் சுற்றி மஞ்சள். நான் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு டிவியைப் போடுவேன். எனக்கு இருமல்கூட வந்ததில்லை. என் நெஞ்சுக்கு அந்தப் புகை ஒரு பொருட்டாகவே இல்லை. அது சில நேரம் எனக்கே எரிச்சலாக இருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா எப்போதாவது ராகி முத்தை என்கிற களியும் கீரைச் சாறும் கொடுத்தனுப்புவார். கேட்டில் பார்த்தால், "பாப்பா எப்ப சார் பர்றா?" என்பார். முதல் வருடங்களில் மாதத்தைச் சொல்வேன். பிறகு, "லீவ் வுடட்டும்மா" என்பேன். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

ஊர் மாறிக்கொண்டிருந்தது. ஏரிக்குக் கிழக்கே ஒரு வருடம் சூளை போடவில்லை. மண்ணைவிட அந்த இடத்துக்கு மதிப்பு கூடிவிட்டது. சமப்படுத்தி, கல் நட்டு, வளைவு கட்டி, லே-அவுட் போட்டார்கள். தர்மபுரி மேஸ்திரி எங்கே போனார் என்று தெரியவில்லை. தெருவில் ஒவ்வொரு வீடாக மாடியில் சோலார் வந்தது. ஹண்டேக்களில் துளசி நட்டு வைத்தார்கள். அதற்குப் பதிலாகக் கட்டட வேலைத் தூசு, டிப்பர் லாரிகள், ரோட்டோரம் குப்பை எரிப்பது எல்லாம் வந்தன. மார்கழியில் மூட்டம் இன்னும் இறங்கியது. ஆனால் முன்போல் கண் எரியவில்லை.

பாப்பாவும் மாறியிருந்தாள். திருப்பத்தூர் டாக்டர் மருந்தைக் குறைத்து, கடைசியில் நிறுத்தியும்விட்டார். நுரையீரல் வளர்ந்துவிட்டது, சில குழந்தைகளுக்கு இப்படித்தான் தானாகவே போய்விடும் என்றாராம். மனைவி இதைப் போனில் சொன்னபோது நான் கம்பெனி கேன்டீனில் நின்றுகொண்டிருந்தேன். தட்டை வைத்துவிட்டு, காதில் போனோடு வெளியே மரத்தடிக்கு வந்தேன்.

"அப்ப இந்த அரையாண்டு லீவுக்கு இங்க வாங்களேன்" என்றேன்.

போன வருடம் வந்தார்கள். அவளுக்குப் பதினோரு வயது. என் தோள் உயரம். நான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, புது மெத்தை வாங்கி, ஜன்னல் சந்துகளில் ரப்பர் பட்டை ஒட்டி வைத்திருந்தேன். பழைய நெபுலைசரையும் எடுத்து ஓட்டிப் பார்த்து, அலமாரியில் துணிக்குப் பின்னால் வைத்தேன். விடிகாலைகளில் விழித்துக்கொண்டு, அடுத்த அறையிலிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்டுக் கொண்டிருந்தேன். மின்விசிறி ஓடாத அந்தக் குளிரில் வீடு அமைதியாக இருந்தது. லீவ் முடியும் நாள் நெருங்கியது. ஒன்றும் வரவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். எவ்வளவோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த கேள்விதான்.

"ஜூன்ல இருந்து இங்கயே வந்துடலாமா பாப்பா? ஹைவே மேல ஸ்கூல் நல்லாவே இருக்குதாம்."

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். யாரையும் வருத்தப்பட வைக்கக் கூடாது என்று நினைக்கும் பெரிய மனுஷியின் முகம் அதில் இருந்தது.

"எங்க கோ-கோ டீம் இருக்குதுப்பா. பிப்ரவரில மேட்ச். அடுத்த வருசம் நான்தான் கேப்டன்னு சார் சொல்லியிருக்காரு." பிறகு, "நீ லீவுக்கு வா. நாங்களும் லீவுக்கு வர்றோம்" என்றாள்.

மனைவி ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றாள். பாப்பா படுக்கப் போன பிறகுதான், கை கழுவிவிட்டு வந்து பேசினாள்.

"எனக்கும் அந்த வேலை புடிச்சிருக்குது. இப்ப ப்ரைமரி முழுக்க நான்தான் பாத்துக்கறன். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"இல்ல" என்றேன். உண்மையில் தப்பாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. நோய் போய்விட்டது. அதற்காகப் போன இடத்தில் வேர் பிடித்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது?

"இன்னும் கொஞ்ச வருசம்தானே சர்வீஸ்? அப்புறம் நீங்க அங்க வந்துடுங்க" என்றாள்.

"பாக்கலாம்."

பிப்ரவரியில் மேட்ச் பார்க்கப் போனேன். வார லீவோடு ஒரு நாள் சேர்த்து எடுத்துக்கொண்டேன். பள்ளி மைதானம் முழுக்கச் செம்மண். குழந்தைகள் ஓட ஓடப் புழுதி கிளம்பி, வெயிலில் ஆரஞ்சு நிறமாக மிதந்தது. என் கை அனிச்சையாக மூக்கை மூடியது. வேறு யாரும் மூடவில்லை.

அவள் ஓடினாள். உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே புகுந்து, வளைந்து, கம்பத்தைப் பிடித்துச் சுழன்று, துரத்தி வந்தவளை ஏமாற்றி மறுபடி ஓடினாள். அவள் இப்படி ஓடுவாள் என்று எனக்குத் தெரியாது. போனில் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது. அவள் பக்கத்தில் வரும்போதெல்லாம் நான் தலையைச் சாய்த்து அவள் மூச்சைக் கேட்டேன். வாயைத் திறந்து, ஓடுகிற எல்லாப் பிள்ளைகளையும் போல இரைத்தாள். விசில் இல்லை.

பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், அவர் மகளும் டீமில் இருந்தாள், என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"இன்னா சார், புதுசா இருக்கீங்க. யாரோட அப்பா நீங்க?"

காட்டினேன்.

"டீச்சர் பொண்ணா! நீங்கதான் பெங்களூர்ல இருக்கறவரா? அப்பாடி, அந்தப் பொண்ணுக்கு மட்டும் மூச்சே வாங்காது சார். எங்க பொண்ணு வூட்ல சொல்லிக்கினே இருக்கும்."

"ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் டீம் ஜெயிக்கவில்லை. அதற்காக யாரும் அழவும் இல்லை. மனைவி மற்ற டீச்சர்களோடு நின்று கோப்பை கொடுக்கும் மேஜையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, பிள்ளைகளை அதட்டி வரிசையில் நிறுத்தினாள். எல்லோரும் அவள் சொன்னதைக் கேட்டார்கள். நடுவில் ஒரு முறை என் பக்கம் திரும்பிக் கையசைத்தாள்.

எல்லாம் முடிந்து பாப்பா முகமெல்லாம் செம்மண்ணோடு ஓடி வந்தாள். என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

"பாத்தியாப்பா? நான் கடைசி வரைக்கும் அவுட்டே ஆகல."

"பாத்தேம்மா."

தோழிகள் அவளைக் கூப்பிட்டார்கள். போகத் திரும்பியவள் நின்று, "உனக்கு பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சாப்பா?" என்று அக்கறையோடு கேட்டாள்.

"இல்ல பாப்பா. இன்னும் இருக்குது. நீ போய் விளையாடு" என்றேன்.

அவள் போனாள். நான் மைதானத்தின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.